ரைடு சிம்பலும் அக்காவின் மணிக்கட்டும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் இடத்தில் அது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காக வரும். அளவு தப்பிய பாகம் ஒன்று வந்தால் சூப்பர்வைசர் மிஷின் பக்கமே போக மாட்டார். "ஆபரேட்டர் கைதான்யா சரியில்ல" என்பார். முதலில் மிஷினைப் பாருங்கள், அப்புறம் ஆளைப் பாருங்கள் என்று அவரோடு எத்தனையோ தடவை மல்லுக்கட்டியிருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் அக்கா விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அக்கா டிரம்ஸ் வாசிப்பவள். பகலில் ஆவடியில் ஒரு மருந்துக்கடை, கச்சேரி நாட்களில் மெல்லிசைக் குழு. போன மழைக்காலத்தில் நெமிலிச்சேரி ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மரத்தே இருந்தன. "எலும்பு கூடிடுச்சும்மா, பயப்படாம பழகு" என்றார் டாக்டர். ஆடி வந்தால் குழுவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. எல்லா அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள், சாயங்காலம் கச்சேரி. அதற்குள் கை திரும்பினால் அவள் இடம் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. குழுவை நடத்தும் அண்ணாத்தே நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் எத்தனை நாள் காத்திருப்பார்?

நிஜ டிரம்ஸை கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டில் வைத்து அடித்தால் தெருவே சண்டைக்கு வரும். அதனால் ரப்பர் பேடுகளை என் கம்ப்யூட்டரில் மாட்டிப் பழகினாள். பேடில் எந்த இடத்தில் அடி விழுந்தது என்று ஓர் எண் மட்டும் ஒயர் வழியாகப் போகும். அந்த எண்ணுக்கு உரிய சத்தத்தை டிரம்ஸ் சாஃப்ட்வேர் எழுப்பும். வலக்கோடியில் இருப்பது ரைடு சிம்பல் என்னும் வெண்கலத் தட்டுக்கான பேடு. அதன் நடுவில் அடித்தால் 'டிங்' என்று வர வேண்டும். ஓரத்தில் அடித்தால் 'ஜாங்' என்று கிராஷ் சிம்பல் வரும்.

முதல் நாளே ரைடு வர வேண்டிய இடத்தில் எல்லாம் ஜாங், ஜாங் என்று கிராஷ் விழுந்தது. மற்றதெல்லாம் சரி. கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹை-ஹாட் சிம்பல்கூடச் சரி. எட்டி, மணிக்கட்டைத் திருப்பி அடிக்க வேண்டிய அந்த ஒன்று மட்டும்தான் தகராறு.

"ஓரத்துல அடிக்கறக்கா" என்றேன்.

"நடுவுலதான்டா அடிக்கறேன்." இன்னும் உள்ளே தள்ளி அடித்தாள். ஜாங்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒயரை மாற்றினேன், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன், வேறு சிம்பல் செட்டைப் போட்டுப் பார்த்தேன். திரையில் இருக்கும் ரைடு படத்தை மவுஸால் தட்டினால் கணீரென்று டிங் வந்தது. கம்ப்யூட்டர் சரி, ஒயர் சரி. அந்தப் பேடை நான் சந்தேகப்படவே இல்லை, ஏனென்றால் அதை செட் பண்ணியவனே நான்தான். ஒரு குச்சியை எடுத்து நானே ஒரு தட்டு தட்டிப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை.

நாலாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உன் கை எங்கியோ போவுதுக்கா. உனக்கே தெரில. இதுல மிஷினைத் திட்டி இன்னா ஆவப்போவுது?" என்று கத்திவிட்டேன்.

அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆமாண்டா, விரல் மரத்துதான் கீது. அடி எங்க உய்துன்னு எனக்கே தெரில" என்று சொல்லிவிட்டுக் குச்சிகளை அலமாரி மேல் வைத்தாள். அடுத்த வாரம் அண்ணாத்தேவுக்குப் போன் போட்டு, இந்த ஆடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் பொறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டு மாடியில் நின்றிருந்தேன். எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஆடிக்கு முன்னோட்டமாக ஸ்பீக்கர் கட்டி அம்மன் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். உடுக்கை அதிர்ந்தது. எனக்கு வாயில் நுரையோடு கை நின்றுவிட்டது.

போன ஆடியில் உடுக்கை வாசிப்பவர் கடைசி நேரத்தில் வரவில்லை. நான்தான் இந்த ரைடு பேடை மேடைக்குக் கொண்டுபோய், அதன் நடுப்பகுதி அனுப்பும் எண்ணை மாற்றி, குழுவின் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கு உடுக்கைச் சத்தத்தை ஏற்றிக் கொடுத்தேன். ஆடி முழுக்க அக்கா அதில்தான் உடுக்கை வாசித்தாள். எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். அப்புறம் பேடு மூட்டைக்குள் போனது. பேடைப் பழைய எண்ணுக்கு மாற்ற மறந்தே போனேன்.

வாயைக் கொப்பளிக்காமலே கீழே ஓடினேன். குச்சியால் பேடின் நட்டநடுவில் ஒரே ஒரு தட்டு. ஜாங். என் கம்ப்யூட்டரில் இருந்த சாஃப்ட்வேரில் அந்த எண்ணில் உடுக்கைக்குப் பதில் இன்னொரு கிராஷ் உட்கார்ந்திருந்தது. அடப்பாவி! ஊருக்குத்தான் உபதேசம். சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டிய நான், வீட்டில் மிஷினை விட்டுவிட்டு ஆளைப் பிடித்திருக்கிறேன்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"நீ கத்துனியே, அன்னிக்கு நான் வாசிச்சது கம்ப்யூட்டர்ல கீதா?"

இருந்தது. அது சத்தமாகப் பதிந்ததில்லை, எண்களாகப் பதிந்தது. அந்த எண்ணுக்கு ரைடு சத்தத்தைக் கொடுத்தால் போதும், அன்றைய வாசிப்பே சரியாக ஒலிக்கும். மாற்றிவிட்டுப் போட்டேன். டிங், டிங் என்று ஒரு பாட்டு முழுக்க ரைடு பிசகாமல் நடந்தது. ஓரத்து எண் இரண்டே இடத்தில் வந்தது. இரண்டும் பல்லவி முடியும் இடம், அங்கே கிராஷ்தான் விழ வேண்டும்.

வெங்காயக் கையோடு நின்று கேட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"மூணு வாரமா கடையில மாத்திர எண்ணிக் குடுக்கசொல்ல, ரெண்டு தபா எண்றேன்டா. சோறு பிசையசொல்லகூட இந்தக் கையைப் பாத்துகினே துன்றேன். அன்னிக்கே சரியாதான்டா வாசிச்சிகினு இருந்துக்கறேன்."

"மன்னிச்சுருக்கா" என்றேன். அழுகை எனக்கும் வந்தது.

"அத்த வுடு. இன்னொரு தபா போடு."

போட்டேன். பாதியில் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அண்ணாத்தேவுக்கு நீயே போன் போடு. எங்கக்கா கை சரியாயிடுச்சுன்னு மட்டும் சொல்லாத. அது எப்பவோ சரியாதான் கீது. அவ தம்பி, என் மண்டைதான் சரியில்லன்னு சொல்லு."

அவள் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டு, வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னேன்.