தண்ணீர்மலை வளைவில் இறங்கிய அருள்

குமுதாவின் பால்குடம் ஒரு தைப்பூசத்திலும் பினாங்குத் தண்ணீர்மலை உச்சியிலிருக்கும் முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. பாதிப் படி ஏறியதும் ஒரு வளைவு வரும். அங்கே நெஞ்சை யாரோ காலால் மிதிப்பதுபோல் இருக்கும், கண் இருட்டும், குடத்தோடு சாய்ந்துவிடுவாள். பால் படியெல்லாம் ஓடும்.

அருள் வந்துவிட்டது என்பார்கள். மூத்த நாத்தனார் நவமணி அதற்காகவே அந்த வளைவில் எலுமிச்சம்பழமும் மஞ்சள் தண்ணீருமாகக் காத்திருப்பாள். கையில் பேனாவும் இருக்கும். மூச்சுக்குத் தவிக்கிறவளின் வாயில் எலுமிச்சையைப் பிழிந்து, முகத்தில் விபூதியை அப்பி, காதருகே குனிந்து, "நாலு நம்பர் சொல்லு தாயே" என்பாள். ஒரு முறை குமுதா என்னத்தையோ உளற, அது நாலு இலக்க லாட்டரியில் ஆறுதல் பரிசுக்கு விழுந்து தொலைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? சொந்தக்காரன், பக்கத்து அடுக்குமாடிக்காரன், முகம் தெரியாதவன் எல்லாம் அந்த வளைவில் வந்து நின்றார்கள். புருஷன் புவனேஸ்வரனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான்.

குமுதாவும் நம்பினாள். பெருமைகூட உண்டு. சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருந்துகொண்டு கெலுகோரில் மாணவர் விடுதியைக் கூட்டித் துடைக்கிறவளை, வருஷத்தில் ஒரு நாளாவது நாலு பேர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஒரு தைப்பூசம் முடிந்து சில மாதத்தில் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுப்போனது. அரிசியும் வெங்காயமுமாக இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். வீட்டு வாசலுக்குக் கொஞ்சம் கீழே அதே மிதி. மேளம் இல்லை, வேப்பிலை இல்லை, விரதமும் இல்லை. மத்தியானம் கோழி தின்றிருந்தாள். அப்படியே விழுந்தாள். எதிர்வீட்டு நோர்மாவுக்கு நம்பர் கேட்கத் தெரியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தாள்.

"இதுக்கு முன்னால மயங்கி விழுந்திருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர் பிரமிளா.

"இல்ல டாக்டர்." அவள் மனதறியப் பொய் சொல்லவில்லை.

நோர்மா மலாயில் குறுக்கிட்டாள். தைப்பூசம் தவறாமல் இவளை மலையிலிருந்து தூக்கிக்கொண்டுதானே வருகிறார்கள் என்றாள்.

"அது மயக்கம் இல்ல டாக்டர். அருள்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஏறும்போதுதான் வருமா? சும்மா உக்காந்திருக்கும்போது ஒரு தடவையாச்சும் வந்திருக்கா?"

குமுதா யோசித்தாள். சாமி கும்பிடும்போது வந்ததில்லை. பஜனையில் வந்ததில்லை. விடுதியில் தண்ணீர் வாளியோடு மாடி ஏறும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வாளி தூக்கினால் வாயு, குடம் தூக்கினால் அருள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான் அகப்பட்டது.

"இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற குழாய் ஒண்ணு, பொறக்கும்போதே தப்பான இடத்துல முளைச்சிருக்குக்கா," என்றார் டாக்டர். "ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல நுழைஞ்சு போவுது. நீங்க மூச்சு வாங்க ஏறினா அது நசுங்கிப் போயிடும். அப்ப இதயத்துக்கு ரத்தம் பத்தாது. இவ்வளவு நாள் எழுந்து வந்ததே பெரிசு. ஒரு தடவை எழுந்திரிக்காமலே போயிருக்கலாம். ஆபரேஷன் செஞ்சு சரி பண்ணிடலாம். அதுவரைக்கும் படியும் வேணாம், பாரமும் வேணாம்."

குமுதாவுக்கு அந்த வளைவு நினைவுக்கு வந்தது. செத்துக்கொண்டிருந்தவளின் வாயில் எலுமிச்சையைப் பிழிந்து நம்பர் கேட்டிருக்கிறார்கள். சீ, இதுவும் ஒரு சொந்தமா? அந்தப் புளிப்பு இன்னும் நாக்கில் ஒட்டியிருப்பதுபோல் இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் நவமணி வந்தாள். பின்னால் புவனேஸ்வரன், தரையைப் பார்த்தபடி.

"நெஞ்சக் கிழிச்சிட்டா சாமி தங்காது லா," என்றாள் நவமணி. "வேணாம்னு சொல்லிடு குமுதா. ஊருக்குப் போயி ஒரு பூசை போட்டா சரியாயிடும்."

"என்னங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

"அக்கா சொல்றதையும் கொஞ்சம் யோசி," என்றான் புவனேஸ்வரன்.

"நான் கையெழுத்துப் போட்டாச்சு."

நவமணி முகத்தைச் சுளித்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் பேனாவையும் எடுத்தாள். குரல் குழைந்தது. "சரி, உன் இஷ்டம். கிழிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ சொல்லிடு தாயே. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ."

இருக்குமோ இருக்காதோ என்றது சாமியையா, தன்னையா என்று குமுதா கேட்கவில்லை. எதுவானாலும் நவமணிக்கு ஒன்றுதான்.

"எழுதிக்கோங்க அண்ணி. ஒம்பது. ஒம்பது. ஒம்பது."

நவமணி எழுதினாள். "நாலாவது?"

"நாலாவது இல்ல. மூணுதான். இனிமே அந்த வளைவுல எவளாச்சும் விழுந்தா, பழத்தப் புழியாம அதுக்குப் போன் போடுங்க. ஆம்புலன்ஸ் வரும்."

நவமணி விருட்டென்று எழுந்து போனாள். புவனேஸ்வரன் போகவில்லை. கட்டிலில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மறு தைப்பூசம் குமுதா வீட்டிலேயே இருந்தாள். அதற்கடுத்த தைப்பூசத்துக்கு, டாக்டர் மறுபடி ஸ்கேன் பார்த்து சரி என்ற பிறகு, பால்குடம் எடுத்தாள். வளைவில் நவமணி நின்றிருந்தாள், பேனாவும் கையுமாக. குமுதாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சை யாரும் மிதிக்கவில்லை.

"சாமி இவள விட்டுப் போயிடுச்சு," என்று நவமணி பக்கத்தில் நின்றவளிடம் சொல்வது காதில் விழுந்தது. தூ என்று துப்பத்தான் வந்தது. தலையில் குடம் இருந்ததால் விழுங்கிக்கொண்டு மேலே ஏறினாள். பால் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.