நடுவுல நடங்க

பாதையில் பதித்த கல்லின் மேல் ஏறி நின்று, இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதிக்கிறார். கல் அசையவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. குதிகாலால் அதன் ஓரத்தில் ஓர் உதை. லேசாக ஆடுகிறது. "அதானே பார்த்தேன். என்கிட்டயே நடிக்குது" என்று கல்லைத் திட்டிவிட்டுக் கடப்பாரையை எடுக்கிறார்.

மலைக்காட்டுப் பூங்காவின் பாதைகளைச் செப்பனிடுவது அவருடைய வேலை. மழைநீர் வடியக் குறுக்கே வாய்க்கால் வெட்டுவார். விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவார். மண் கரைந்த ஏற்றங்களில் கல் பதித்துப் படியாக்குவார். அகலமான தோள், கரகரத்த குரல், சலவைக்கு மசியாத சேற்றுக் கறை படிந்த கால்சட்டை. பூங்காவில் அவருக்குப் பெயர் 'நடுவுலக்கா'.

பெயர் வந்தது சேற்றினால். பாதையில் சேறு கண்டதும் நடக்க வருகிறவர்கள் ஓரத்துப் புல்லில் இறங்கிவிடுவார்கள். நாலு பேர் இறங்கினால் புல் செத்து அங்கேயும் சேறு. அடுத்து வருகிறவர் இன்னும் ஓரமாகப் போவார். ஒற்றையடிப் பாதை, லாரி போகிற அகலத்துக்குக் காட்டைத் தின்றுவிடும். அதனால் எங்கிருந்தாலும் குரல் கொடுப்பார்: "நடுவுல நடங்க! சேத்துக்குள்ளேயே நடங்க! அவ்வளவு காசு போட்டு ஷூ வாங்கினது அலமாரியில வைக்கவா?" சிலர் சிரித்துக்கொண்டே சேற்றில் இறங்குவார்கள். முணுமுணுக்கிறவர்களும் உண்டு. "முன்னால நீங்க போங்க பார்க்கலாம்" என்று ஒருவர் மல்லுக்கு நின்றபோது, இவரே கணுக்கால் முங்க நடந்துபோய்த் திரும்பி நின்று, "வாங்க, முதலை எதுவும் இல்ல" என்றார்.

கடைத்தெருவிலும் கால் சும்மா இருக்காது. பெயர்ந்த நடைபாதைக் கல்லைக் கண்டால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். "உன்கூடக் காய் வாங்கப் போறதும் ஒண்ணு, ரோடு போடப் போறதும் ஒண்ணு" என்பார் கணவர்.

பூங்காவில் கூட்டம் அள்ளும் பாதை ஒன்று உண்டு. உச்சியில் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும் ஒரு மேடை. பக்கத்தில் தேநீரும் பிஸ்கட்டும் விற்கும் பெட்டிக்கடை. கடைக்காரர் நடுவுலக்காவின் சொந்தத் தம்பி. போன வருடம், விடுமுறைக் கூட்டம் தொடங்கவிருந்த வாரத்தில், மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் பாதையைப் பார்க்கப் போனவர், உச்சிக்குக் கீழே உள்ள வளைவில் நின்றுவிட்டார். மேல் சரிவில் மண் வாய் பிளந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். மறுநாள் அதே பிளவில் கை முழங்கை வரை போயிற்று.

பூங்கா அதிகாரி வந்து பார்த்தார். அவருக்கும் முகம் வெளுத்தது. "மூடித்தான் ஆகணும். ஆனா மேல உங்க தம்பி..." என்று இழுத்தார். "நானே சொல்லிக்கிறேன்" என்றார் நடுவுலக்கா.

தம்பி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை வீசினார். "வருஷம் பூரா ஈ ஓட்டுறேன், இந்த ஒரு மாசத்துக்காக. வேற யாராவது வந்து சொல்லக் கூடாதா? நீயேவா வரணும்?"

"வேற ஆள் வந்தா அடிக்கப் போவே. என்கிட்டன்னா பேசாம இருப்பே. அவ்வளவுதானே?"

சொன்னபடியே தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு தள்ளுவண்டியில் தேநீர் விற்றார். வியாபாரம் சுமார்தான்.

அந்த மாதம் பெரும்பாலும் வெயில்தான் அடித்தது. சரிவு அப்படியே நின்றது. கயிறு கட்டி மூடிய பாதையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். "எங்கக்கா பேச்சை மலைகூடக் கேக்கல" என்று தம்பி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரித்தது நடுவுலக்கா காதுக்கும் வந்தது. "விழலையே?" என்று யாராவது கேட்டால், "விழணும்னு நானா வேண்டிக்கிட்டேன்?" என்று எரிந்து விழுவார். ஆனால் தூறல் போட்ட ஒரு காலையில் அவர் கயிற்றைத் தாண்டிப் பார்க்கப் போனார். சரிவு நின்றிருந்தது. நெஞ்சில் சுருக்கென்று ஏதோ ஏமாற்றம். அது ஏமாற்றம்தான் என்று தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அடுத்த வாரமே அதிகாரியிடம் போய் நின்றார். மலையின் மறுபக்கம் பாறை கெட்டி. அந்த வழியாக உச்சிக்குப் புதுப் பாதை போடலாம் என்றார். அனுமதி கிடைத்தது. குளிரும் மழையும் பார்க்காமல் நான்கைந்து பேரோடு கல் உடைத்து, வரப்புக் கட்டி, வளைத்து வளைத்து மேலே ஏற்றினார். பழையதைவிடச் சுற்று, ஏற்றமும் அதிகம். இந்த விடுமுறைக்குத் திறந்துவிட்டார்கள். பழைய சரிவு இன்னும் விழவில்லை. அது விழாமலே போகலாம்.

திறந்த அன்று காலை, தம்பி கடைச் சாமான்களை மூட்டையாக முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் நடுவுலக்கா வாய்க்காலில் அடைந்த சருகை வழித்துக்கொண்டிருந்தார். தம்பி நிற்கவில்லை, பார்க்கவும் இல்லை. ஆனால் அடுத்த திருப்பத்தில் மூச்சு வாங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டார். நடுவுலக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி வந்து, தம்பியின் தோளிலிருந்து மூட்டையின் வாரைக் கழற்றினார்.

"கனமா இருக்கும்" என்றார் தம்பி.

நடுவுலக்கா மூட்டையைத் தன் முதுகில் ஏற்றி, வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.