அம்சவல்லியின் ஆயிரத்து நூறு உருண்டைகள்

எங்கள் தொழிற்சாலையில் தூசியைப் பார்ப்பதற்கென்றே ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். பென்னலூர் அம்சவல்லிக்குப் பன்னிரண்டு வருஷமாக அதுதான் வேலை. ஒரகடத்தில் நாங்கள் செய்வது கார் எஞ்சினுக்கு டீசல் கொண்டுபோகும் குழாய். அதற்குள் தலைமுடி கனத்துக்கு ஒரு துகள் இருந்தாலும் எஞ்சின் மக்கர் பண்ணும். அதனால் தினமும் நாலைந்து குழாய்களைத் திரவம் விட்டு அலசி, அந்தத் திரவத்தை வெள்ளைத் தாளில் வடிகட்டி, தாளில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். இது துணி நூல், இது அட்டைப்பெட்டித் தூள், இது டிரில்லிங் சுருள் என்று பிரித்து எழுதுவாள். வெல்டிங் பொறி ஆறினால் உருண்டையாகிவிடும்; அதனால் உருண்டையாக ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் வெல்டிங் லைனில் இருக்கும் எனக்குத்தான் போன் வரும்.

"புருஷோத்தமண்ணா, உன் பொறி ஒண்ணு இங்க வந்து குந்திகினு கீது. வந்து இட்டுனு போ."

இந்த வாய்க்காகவே அவளிடம் நான் பலநாள் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ். எத்தனை நாள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள முடியும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அந்த பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தவள் முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"அண்ணா, வானத்துலேர்ந்து தெனம் கல்லு விழுதாம். முக்காவாசி கடல்லயும் காட்லயும் விழுந்து யாருக்கும் தெரியாமயே போயிடுதாம். பொடிசெல்லாம் வர்ற வழில எரிஞ்சி உருகி, இரும்பு உருண்டையா, தூசியோட தூசியா டன் கணக்குல கொட்டுதாம். நம்ம வூட்டு மாடில கூட இருக்குமாம்!"

"இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு இன்னா இப்போ?"

"இன்னாவா? தூசி பாக்கறதுதாண்ணா என் வேலை!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, பால் பாக்கெட் கவருக்குள் போட்டுக்கொண்டு மொட்டைமாடி ஏறிவிட்டாள். மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டையருகே படிந்திருந்த மண்ணில் காந்தத்தை ஓட்டி, ஒட்டியதைச் சோப்புத்தண்ணீரில் அலசி, டீ வடிகட்டியில் சலித்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கருப்பாக, பளபளவென்று முப்பது உருண்டைகள். குழந்தை பிறந்த சேதி சொல்வது மாதிரி என்னைக் கூப்பிட்டாள். நான் குனிந்து பார்த்தேன்.

"வெல்டிங்கு" என்றேன்.

அதற்கு முந்தின மாதம்தான் அவள் பக்கத்து வீட்டில் இரும்பு கேட் வைத்திருந்தார்கள். அம்சவல்லி முகம் சுருங்கியது, பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் அம்சவல்லியே இல்லை. அத்தை வீடு, வல்லக்கோட்டையில் நாத்தனார் வீடு, தண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபம் என்று மாடி மாடியாக ஏறினாள். அவள் வீட்டுக்காரர் பாபு வேன் ஓட்டுகிறார். பாவம், ஞாயிற்றுக்கிழமை தூங்க விடாமல் அவரையும் ஏணி பிடிக்க வைத்தாள். ஆனால் இந்தப் பக்கத்தில் கிரில்லோ ஷீட்டோ வெல்டிங் பண்ணாத வீடு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் "வெல்டிங்கு", "கிரைண்டிங்கு", "தீபாவளிப் பட்டாசு" என்று தீர்ப்புச் சொன்னேன். மொத்தம் ஆயிரத்து நூறு உருண்டைகள், எல்லாமே இந்தப் பூமியில் செய்தவை. கேன்டீனில் அவளுக்கு 'நட்சத்திரம்' என்று பெயர் வைத்ததும் நான்தான். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

போன மாசியில் புது மெஷின் வந்தது. தாளை வைத்தால் தானே படமெடுத்து, தானே எண்ணி, தானே பெயரும் போட்டுவிடும். மேனேஜர் இளம்பரிதி அவளைக் கூப்பிட்டு, "ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்க பேக்கிங் போயிடுங்க" என்றார். அன்றைக்குக் கேன்டீனில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பேக்கிங் ஒண்ணும் கேவலம் இல்லண்ணா. ஆனா பன்னெண்டு வருசமா இந்தக் கண்ண வெச்சிதான பொழச்சேன். அந்தச் சீட்டு போச்சுன்னா நான் யாரு?"

நான் அவள் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மாசக் கடைசியில் வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய சரக்கில் ஓர் உருண்டை சிக்கியது. மெஷின் உடனே 'வெல்டிங் பொறி' என்றது. என் லைனை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பொறி எங்கிருந்து தெறித்தது என்று ரெண்டு நாள் கவிழ்ந்து படுத்துத் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எல்லோரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். அம்சவல்லி எழுந்து நின்றாள்.

"சார், இது வெல்டிங் இல்ல. வெல்டிங் உருண்ட வழவழன்னு இருக்கும், வாலு நீட்டிகினு இருக்கும். இது மேல கோடு கோடா ஓடுது. டிரையர் ரிப்பேர்னு நாலு நாளா, கொழாய் அடுக்கற ட்ரேய கழுவி மாடில காய வெச்சாங்க. இது மேலேர்ந்து வந்தது."

"உங்க நட்சத்திரமா?" என்றார் மேனேஜர். அறையே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவள் உட்காரவில்லை. "ஆயிரத்து நூறு பாத்தேன் சார். அத்தினியும் தப்பா பூட்ச்சு. அதனாலதான் சொல்றேன். தப்பு எப்டி இருக்கும்னு என்ன விட யாருக்கும் தெரியாது. இது அது இல்ல."

சிரிப்பு நின்றது. வேறு வழியில்லாமல் உருண்டையை ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஒண்ணாம் தேதி வந்துவிட்டது. அம்சவல்லி பேக்கிங்கில் நின்று அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினாள். ஒன்பது நாள் போனில் எனக்குத் திட்டு விழவில்லை. அந்தத் திட்டுக்கு ஏங்கிப் போனேன் என்பதுதான் உண்மை.

பத்தாம் நாள் மதிவதனி என்ற பேராசிரியை நேரிலேயே வந்துவிட்டார். "இந்த மாதிரி வரிகளும் இந்த உலோகக் கலவையும் வானத்திலிருந்து விழுந்ததில்தான் இருக்கும். இதை யார் கண்டுபிடித்தது? அவங்களைப் பார்க்கணும்" என்றார். பேக்கிங்கிலிருந்து கையில் டேப்போடு அம்சவல்லி வந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் கைதட்டினேன். முதலில் தட்டியது நான்தான், அந்த மட்டில் மானம் தப்பியது.

ஆனால் தொழிற்சாலை தொழிற்சாலைதான். குறை எதுவானாலும் வாடிக்கையாளருக்கு ஒரு படிவம் போகவேண்டும். அதில் கடைசிக் கட்டம், 'இது மறுபடி நடக்காமலிருக்க என்ன நடவடிக்கை?'. மேனேஜர் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். வானத்துக்கு யார் மூடி போடுவது?

"ட்ரேய மாடில காய வெக்காதீங்க சார், அவ்ளோதான்" என்றாள் அம்சவல்லி. "மேலேர்ந்து வர்றத நிறுத்த முடியாது. அது பாட்டுக்குத் தெனம் வந்துகினுதான் இருக்கும். வந்தா பாக்கறதுக்கு ஆளு வோணும்."

இளம்பரிதி படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கட்டத்தில் எழுதி, எங்களுக்கு வாசித்தும் காட்டினார். "ட்ரேக்கள் இனி உள்ளேயே காயவைக்கப்படும். மைக்ராஸ்கோப்பில் அம்சவல்லி பார்ப்பார்."

அவள் பேக்கிங்கில் வைத்திருந்த சாப்பாட்டுக் கூடையைக்கூட எடுக்கப் போகாமல் நேராக லேபுக்கு ஓடினாள். கூடையை நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.