பாட்டை நிறுத்துங்க, ப்ளீஸ்

“பிடிங்க! அவன்தான்லா, பச்சை சட்டை!”

போன வாரம் மத்தியான நேரம், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. தீபாவளி நெருங்குகிறதே... கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? பெரிய ஸ்பீக்கரில் பாட்டு. அதற்கு மேல் மைக்கில் தள்ளுபடி அறிவிப்பு. கைப்பையில் இருந்த போனைக் காணோம் என்று கத்திய ஒரு பெண்மணியின் விரல் நீண்டது, என் பக்கத்தில் நின்ற ஆதியை நோக்கி.

ஆதி என் தோழி வித்யாவின் மகன். இருபதைத் தாண்டியவன், நெடுநெடுவென்ற உயரம். வித்யா கோயம்புத்தூரிலிருந்து வங்கி வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவள். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு எதிர் வீடு. “கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா” என்று அவனை என்னிடம் விட்டுவிட்டு, பணம் கட்டப் போயிருந்தாள்.

ஆதி யார் கண்ணையும் நேராகப் பார்க்கமாட்டான். அந்தப் பெண்மணி கத்தியதும் முகத்தைத் திருப்பினான். கைகளை உதறினான். பிறகு தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடினான். தெரியாதவர்களுக்கு அது எப்படி இருக்கும்? அச்சு அசலாக, மாட்டிக்கொண்ட திருடன்!

வாசலில் செக்யூரிட்டி அவன் தோளைப் பிடித்தார். ஆதி அலறினான். இன்னும் இருவர் பாய்ந்து வந்து கையை முறுக்கினார்கள்.

“போதை கேஸ்லா இது. கண்ணே நிக்கல பாரு!”

“போலீஸ கூப்பிடுங்க பாஸ்!”

“அண்ணே, விடுங்கண்ணே! அவன் எடுக்கலண்ணே!” என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அதற்குள் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆதிக்கு இருப்பது ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறை. வித்யா எனக்கு அதைப் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். மூளையின் நரம்பணு ஒவ்வொன்றுக்கும் மரம்போல் கிளைகள். கிளைகளில் மற்ற நரம்பணுக்களோடு சேதி பரிமாறும் சந்திப்புகள் – சைனாப்ஸ். நாம் ஒன்றைக் கற்கும்போதும் பழகும்போதும் சில சந்திப்புகள் வலுவாகும், சில தளரும். அதற்குப் புரதம் தேவை. எல்லாப் புரதமும் நரம்பணுவின் மையத்தில் தயாராகி அவ்வளவு தூரம் வந்தாக வேண்டும் என்பதில்லை. புரதத்துக்கான செய்முறைப் பிரதிகள் முன்பே கிளைகளுக்குப் போய்க் காத்திருக்கும். சேதி வந்ததும் அங்கேயே, அந்தச் சந்திப்பிலேயே, புரதம் தயாராகும்.

சேதி வராதபோது? சும்மா இருக்க வேண்டும். அப்படி அடக்கி வைப்பதும் ஒரு புரதம்தான். ஆதியின் உடலில் அது உருவாவதே இல்லை. அதனால் தயாரிப்பு வரம்பில்லாமல் நடக்கிறது. சந்திப்புகள் சரியாக முதிர்வதில்லை. ஒரு சத்தம் நமக்குச் சற்று நேரத்தில் பழகிவிடும். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாக அறையும். இதைச் சரிசெய்ய மருந்து இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் துணிக்கடை வாசலில், யாரிடம் சொல்வது?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வித்யா வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

“அண்ணே, நான் அவனோட அம்மா. கைய விடுங்க. அந்தப் பாட்ட நிறுத்தச் சொல்லுங்க.”

“விட்டா ஓடிருவான்லா அக்கா!”

“வாசல்ல நீங்களே நில்லுங்க. பாட்ட மட்டும் நிறுத்துங்க, ப்ளீஸ்.”

செக்யூரிட்டி தயங்கினார். ஆதியின் மணிக்கட்டில் ரத்தம். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, பிடியை விட்டார். மற்ற இருவரையும் விலக்கினார். உள்ளே திரும்பி, “ஓய், எல்லாத்தையும் ஆஃப் பண்ணு!” என்று குரல் கொடுத்தார்.

ஆதி அப்படியே தரையில் சரிந்தான். வித்யாவும் உட்கார்ந்தாள் – எதிரே அல்ல, பக்கத்தில், அவன் முகத்தைப் பார்க்காமல். பாட்டு நின்றது. மைக் நின்றது.

அப்போதுதான் கேட்டது... ஒரு போன் அடிக்கும் சத்தம்.

புடவைக் குவியலுக்கு அடியிலிருந்து! கடைப்பெண் புடவைகளை விலக்கி எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்மணியின் போன்தான். அவருடைய மகள் பக்கத்தில் நின்று விடாமல் அந்த நம்பருக்கு அடித்துக்கொண்டேதான் இருந்தாளாம். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

படம் பிடித்த போன்கள் சத்தமில்லாமல் பைக்குள் போயின. கையை முறுக்கியவர்களைக் காணவில்லை. அந்தப் பெண்மணி மட்டும் வந்தார்.

“சாரிம்மா... பதட்டத்துல...”

“பரவாயில்லை” என்று வித்யா சொல்லவில்லை. “அவன்கிட்ட சொல்லுங்க ஆன்டி. மெதுவா.”

அவர் குனிந்து, “சாரி தம்பி” என்றார். ஆதி நிமிரவில்லை. ஆனால் கடிப்பதை நிறுத்தினான்.

காருக்குள் போனதும் வித்யாவிடம் கேட்டேன்.

“உனக்குக் கோபமே வரலயா?”

“வந்துச்சுக்கா. நானும் கத்தியிருந்தா, அவனுக்கு இன்னொரு சத்தம்தானே?” காரைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள்: “அடுத்த வாரம் திரும்பக் கூட்டிட்டு வரணும். காலையில, கூட்டம் இல்லாதப்ப.”

“அதே கடைக்கா?”

“அதே கடைக்குத்தான். பயந்த இடமாவே அது அவன் மனசுல நின்னுடக் கூடாதுக்கா.”

நேற்று காலை போனோம். செக்யூரிட்டி தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். நாங்கள் வாசலை மிதிக்கும்போது கடை அமைதியாக இருந்தது. ஆதி இங்குமங்கும் தொட்டுப் பார்த்து, நீலத்தில் ஒரு சட்டை எடுத்தான். போட்டுப் பார்த்தான். கழற்ற மாட்டேன் என்றான்.

கடையை விட்டு வெளியே வரும்வரை உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது எனக்குத்தான்!