மொட்டைப் பனையில் ஒரு கிரேக்க ராசா

கனடாவில் இருக்கிற தம்பி போன வருடம் வந்தபோது எனக்கு ஒரு கமரா கொண்டுவந்தான். முழங்கை நீளத்துக்கு லென்ஸ். "அக்கா, பென்சன் எடுத்திட்டாய், உனக்குப் பொழுது போக வேணுமெல்லே" என்றான். தபால் கந்தோரில் ஆயுளில் பாதியை முத்திரை குத்தியே கழித்த கைக்கு அந்தக் கனம் பெரிதில்லை. கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் புறப்பட்ட முதல் நாளே, வாய்க்கால் கரையில் நின்றவர்கள் யார் வீட்டில் சாமத்தியச் சடங்கு என்று விசாரித்தார்கள். கிளியைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும், ஏன் கேட்டோம் என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கமராவோடு ஒரு பறவைப் புத்தகமும் தந்திருந்தான். நான் பிறந்தது முதல் கிளி என்று ஒரே பெயரில் அழைத்தவை இரண்டு சாதி என்பது அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சின்னது செந்தார்ப் பைங்கிளி. தார் என்றால் மாலை. ஆணின் கழுத்தில் சிவப்பு மாலை போட்டதுபோல் ஒரு வளையம் இருக்கிறது, பெண்ணின் கழுத்தில் ஒன்றுமில்லை. பெயர் வைத்தவர் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெரிய சாதிக்குத் தோளில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு கிரேக்க ராசாவின் பெயர். அவன் படையெடுத்து இந்தியா வரைக்கும் வந்து, திரும்பும்போது இந்தக் கிளிகளையும் பிடித்துக்கொண்டு போனானாம். கிளிக்குக் கூண்டு, அவனுக்குப் பெயர். நல்ல வியாபாரம்.

எங்கள் ஊரின் பெயரிலேயே கிளியும் இருக்கிறது, நொச்சியும் இருக்கிறது. நொச்சியில் கிளிகள் கூட்டமாக இருந்ததால் கிளிநொச்சி என்பார்கள். அதையும் படம் எடுத்துவிடலாம் என்று ஒரு நொச்சிப் பற்றைக்கு முன்னால் மூன்று நாள் விடியற்காலையில் போய்க் காவல் இருந்தேன். காகம் வந்தது, புலுனி வந்தது, கிளி மட்டும் வரவில்லை. வந்து அங்கே எதைத் தின்பது? நொச்சி இலை ஆவி பிடிக்கத்தான் உதவும். ஊருக்குப் பெயர் வைத்தவருக்கு அன்றைக்குச் சளி பிடித்திருக்க வேண்டும்.

கிளி இருந்தது எங்கள் பக்கத்துக் காணியில். அந்தக் காணிக்காரர் வயல் கமம் செய்கிறவர், நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் வளவின் மூலையில் ஒரு மொட்டைப் பனை நின்றது. சண்டை நேரம் நாங்கள் எல்லோரும் சட்டி பானையோடு கிழக்கே ஓடிய நாட்களில் ஒரு ஷெல் வந்து அதன் தலையைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் அம்மாவும் அந்த ஓட்டத்தில் ஒரு ஷெல்லோடுதான் போனார். அதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு காணியிலும் வீடு இல்லை, அந்தப் பனை மட்டும் நின்றது. பிறகு அது உள்ளே உக்கி, மேற்பக்கத்தில் பொந்து விழுந்தது. பொந்தில் ராசா பெயர்க் கிளிச் சோடி ஒன்று குடி வந்து, இரண்டு குஞ்சும் பொரித்துவிட்டது.

அண்ணைக்கு அந்த மூலையில் புதுக் குசினி கட்ட வேண்டும். பழைய குசினியின் அடுப்புப் புகைக்குள் நின்று அவர் மனைவி இருமுகிற இருமல் எங்கள் வீட்டுக்கே கேட்கும். புதுக் குசினியின் மேல் பனை விழுந்துவிடும் என்ற அவருடைய பயத்திலும் பிழையில்லை. தறிப்பதற்கு அனுமதி எடுத்து, மெசின் வாள்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். பொந்து வாயில் எட்டிப் பார்க்கும் குஞ்சுகளுக்கோ இறகு அரைகுறை. பறக்க இன்னும் இரண்டு கிழமையாவது வேண்டும். இந்த வயதில் கிளிக்குஞ்சை நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கிடந்தேன்.

என்னிடம் இருந்த ஆயுதம் ஒரு படம். நான் எடுத்ததிலேயே திறமானது. தாய்க்கிளி பொந்து வாயில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. தோளில் கருஞ்சிவப்பு, பொந்தின் விளிம்பிலும் அதே சிவப்பில் ஒரு கறை கீழே வடிந்திருக்கிறது. "நிறப் பொருத்தம் அந்த மாதிரி, அக்கா" என்று தம்பி எழுதியிருந்தான். இயற்கை எனக்காகவே தீட்டி வைத்தது என்று நானும் கொஞ்ச நாள் தலைக்கனத்தோடு திரிந்தேன். அதைப் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. இந்தக் கூட்டைக் கலைக்க மனம் வருமோ?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, இதின்ர வாயில என்ன?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். "நெற்கதிர் போல கிடக்கு."

"ஆற்ற நெல்லு? மற்ற எல்லாரும் வெட்டி முடிச்சாச்சு. இந்தப் பக்கத்தில விளைஞ்சு நிக்கிறது என்ர வயல் மட்டும்தான். கள்ளனைச் சாமானோட பிடிச்சுத் தந்திருக்கிறாய்!"

கடைசி முயற்சியாகப் புத்தக அறிவை எடுத்துவிட்டேன். "அண்ணை, இது லேசுப்பட்ட கிளி இல்லை. படையெடுத்து வந்த ஒரு கிரேக்க ராசாவின்ர பேர் இதுக்கு."

"படையெடுத்து வந்த ஆக்களின்ர பேரையெல்லாம் வைக்க வெளிக்கிட்டால், எங்கட பக்கத்தில கிளி போதாது பிள்ளை."

குசினிக்குள் அவர் மனைவி சிரித்தார், சிரிப்பு அப்படியே இருமலாக மாறியது. அந்த இருமலோடு வழக்காட வெட்கப்பட்டு எழும்பினேன். படத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மெசின் சத்தம் கேட்டதும் கமராவோடு வேலிக்கு ஓடினேன். மரம் விழுவதைப் படம் எடுக்கவா ஓடுகிறாய் என்று என்னையே ஏசிக்கொண்டேன். நாடியில் தழும்புள்ள ஒரு மனிதர் மெசின் வாளோடு பனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அண்ணை பகிடியாக என் படத்தை அவரிடம் நீட்டி, "இதுதான் கள்ளன், பாரும்" என்றார். அவர் கிளியைப் பார்க்கவே இல்லை. மெசினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்களோ எடுத்தது? இந்த இடத்தை இன்னும் பெருப்பிச்சுக் காட்டுங்கோ."

கமராவில் பெருப்பித்தேன். நானும் தம்பியும் மெச்சிய அந்தச் சிவப்புக் கறையில் விரலை வைத்தார்.

"இது கறை இல்லை, துரு. உள்ளுக்கை ஷெல் துண்டு இருக்கு. மழைக்கு வடிஞ்சிருக்கு."

"அது மேலயெல்லோ? நீர் அடியில தறியுமன்" என்றார் அண்ணை.

"மேல ஒண்டு தெரிஞ்சா அடியில எத்தினை எண்டு ஆருக்குத் தெரியும்? இப்பிடித்தான் ஒரு பாலை மரத்துக்கு மெசினை வைச்சனான்." நாடித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "செயின் அறுந்து வந்து அடிச்சது. கொஞ்சம் கீழ பட்டிருந்தா கழுத்து. நான் தொடமாட்டன், அண்ணை."

கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். அண்ணை அனுமதிக் கடிதத்தோடு நின்றார். அந்த நேரம் பார்த்துத் தாய்க்கிளி வந்து மொட்டை உச்சியில் இருந்து, கொண்டுவந்த கதிரை எங்கள் கண் முன்னாலேயே உரித்துத் தின்றது.

அண்ணை அதை அண்ணாந்து பார்த்தார். "உன்ர ராசாட்டைச் சொல்லு பிள்ளை, குசினியை நான் மற்றப் பக்கம் கட்டுறன். பங்குனிக்குள்ள குடும்பத்தோட வெளிக்கிடச் சொல்லு."

பங்குனி முடிய முன்னமே இரண்டு குஞ்சும் பறந்தன. குசினியும் எழும்பிவிட்டது, இருமலும் குறைவு. அண்ணை திருப்பித் தந்த அந்தப் படம் இப்போது என் சுவரில் தொங்குகிறது. தம்பி தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் அந்த நிறப் பொருத்தத்தைப் புகழ்கிறான். அந்தச் சிவப்பு என்னவென்று அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அம்மாவைக் கொண்டுபோன அதே சாமான் இங்கே இரண்டு குஞ்சைக் காப்பாற்றியது என்றால், அவன் அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க மாட்டான். நான் தினமும் பார்க்கிறேன். கிளியைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வடிந்திருக்கும் துருவைப் பார்த்துவிட்டு, ஒருநாளும் நன்றி சொல்லாமல் தேத்தண்ணி போடப் போகிறேன்.