யாரும் வராத இடம் என்று நம்பிப் போனோம்

மாங்காட்டில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறி ஆறு மாதம்தான் ஆகிறது. ‘பூந்தமல்லி பக்கம் யாரும் வராத அழகான இடங்கள்’ என்று ஒருவர் போட்ட வீடியோவை நம்பி, ஞாயிறு காலை கணவரோடும் மகளோடும் கிளம்பினேன். முதல் இடம், வேப்பமரங்கள் சூழ்ந்த பழைய கல்லறைத் தோட்டம்.

பெயர்கூட இல்லாத ஒரு சிமென்ட் கல்லறைமேல் மகளை உட்காரவைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பூவும் தண்ணீர்க் குடமுமாக ஒரு பெண்மணி வந்தார்.

“இன்னாம்மா, குந்த வேற எடமே கெடைக்கலியா?” என்று கத்தினார்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. “பேரே இல்லையே! யாரும் வராத இடம்னுதானே சொன்னாங்க?” என்றேன்.

“பேர் எழுத துட்டு இல்ல. அதுக்காக நாதியில்லாத பொணமா? வாரா வாரம் வந்து கயுவி, பூ வெச்சிகினு கீறேன். உள்ள கீறது என் பொண்ணு. எறக்குடி உன் பொண்ண!”

மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படங்களை எல்லாம் அழித்தேன்.

இப்போது வாரம் தவறாமல் அந்த வீடியோவுக்குக் கீழே, ‘அங்கே ஒரு தாய் வாராவாரம் வருகிறார்’ என்று எழுதுகிறேன். வீடியோ போட்டவர் அதை அழித்துவிடுகிறார். நான் மறுபடியும் எழுதுகிறேன்.