கோப்பியின் முன்னங்கால்கள்

மூக்கு ஒழுகும் முயல் முன்னங்கால்களால்தான் அதைத் துடைத்துக்கொள்ளும். அதனால் சளி நோய் வந்த முயலைக் கண்டுபிடிக்கக் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உட்புற மயிர் ஈரமாகச் சடைபிடித்திருந்தால் கதை முடிந்தது. பத்து வயதில் அப்பா எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அப்பா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒரு நாள் அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். கையில் கொடுத்தனுப்பிய பணத்தில் டத்தோ கிராமாட் வீட்டின் பின்புறம் மரக்கூண்டுகள் அடித்து, முப்பது முயல்களை வாங்கி இறக்கினார். அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. சூலியா தெருவில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தது இப்போது அம்மா மட்டும்தான். சமையலும் துவைப்பதும் என் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவதும் அப்பா பொறுப்பாயின. இந்த முயல்கள் பிழைத்தால் அவர் சொந்தக்காலில் நிற்கலாம், இல்லையென்றால் எங்காவது வாசலில் காவலுக்கு உட்காரும் ஜாகா வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒரு வெள்ளை முயலுக்குக் கால் ஈரமானது. அப்பா அதைச் சாக்கில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"டாக்டர்கிட்ட குடுத்துட்டேம்மா. அவரு பாத்துக்குவாரு."

நான் அவ்வளவு ஏமாளி இல்லை. சாக்கும் திரும்பி வரவில்லை என்பதைக் கவனித்திருந்தேன்.

அடுத்த வாரம் என் செல்லமான பழுப்பு முயல் கோப்பி தும்மியது. அப்பா தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கால் தூக்கிப் பார்ப்பார். நான் பள்ளி விட்டு வந்ததும், அவர் மதியம் கண்ணயரும் நேரத்தில், என் கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துக் கோப்பியின் மூக்கையும் கால்களையும் துடைத்து, என் சீப்பால் மயிரை வாரி உலர்த்திவிடுவேன். அம்மா அந்தக் கைக்குட்டையின் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தார். கோப்பிக்கு மட்டும் செய்தால் மற்றவை ஏங்கிப்போகுமே என்று, பக்கத்துக் கூண்டுகளில் இருந்தவற்றின் மூக்கையும் அதே கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். எனக்கு எப்போதும் நியாய உணர்ச்சி சற்று அதிகம்.

அப்பா பார்க்கும்போதெல்லாம் கால்கள் காய்ந்திருந்தன. "எல்லாம் நல்லா இருக்கு" என்று அம்மாவிடம் தெம்பாகச் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

இரண்டு வாரத்தில் பின்புறம் முழுக்கத் தும்மல் சத்தம். முயல்கள் தீவனத்தைத் தொடாமல், மூச்சுக்குத் தலையை அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தன. காலையில் கூண்டைத் திறந்தால் இரண்டு, மூன்று விறைத்துக் கிடக்கும். மிருக டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தார் அப்பா. அவர் நம்மவர்தான்.

"எது முதல்ல தும்முச்சு அண்ணே? அத அப்பவே பிரிச்சிருந்தா மத்தது தப்பிச்சிருக்கும்லா."

"தெரியல டாக்டர். தெனம் காலத் தூக்கிப் பாக்குறேன். ஒண்ணுலயும் ஈரம் இல்ல."

டாக்டர் கூண்டுகளைச் சுற்றி வந்தார். மழைச்சாரலுக்கு அப்பா கட்டியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். "இப்படி மூடி வச்சா காத்து எப்படி வரும்? மூத்திர நெடியில மூக்கு புண்ணாயிரும், சீக்கு சுலபமா புடிச்சுக்கும். மிச்சத்தையும் வச்சிருக்காதீங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். தார்ப்பாய்தான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்று எனக்குப் பெரிய ஆறுதல். கடைசியாகச் சாக்கில் போன நான்கில் கோப்பியும் ஒன்று. அன்று முழுவதும் அழுதேன், அதுவும் கோப்பிக்காக மட்டும்தான்.

மறுநாள் அப்பா கூண்டுகளைப் பிரித்து எரித்தார். கோப்பியின் கூண்டுக்கடியில் கைக்குட்டையையும் சீப்பையும் செருகி வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் சாம்பலாகியிருந்தது. அப்பாடா என்றிருந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஏங்க, மூளை இருக்கிற யாராவது அப்படி மூடி வைப்பாங்களா? உங்க கையாலயே கொன்னுட்டீங்க."

"ஆமா, என் தப்புதான்" என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். தார்ப்பாய்ப் பேச்சு எங்கள் வீட்டில் பல வருடம் ஓடியது, ஒவ்வொரு முறையும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார்.

கூண்டுகளை எரித்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை காலை, என் சீருடைமேல் அந்தக் கைக்குட்டை இருந்தது. கொதிநீரில் போட்டதில் சிவப்பு நூல் சாயம் போயிருந்தது. இஸ்திரி போட்டு நான்காக மடித்திருந்தது. அம்மாதான் எங்கோ கண்டெடுத்துத் துவைத்திருப்பார், நல்லவேளை, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அதைப் பையில் செருகியபடி பள்ளி வேனில் ஏறினேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் துணி துவைத்து மடித்து வைத்தது யார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அது அன்று என் புத்தியில் ஏறவில்லை.